குஞ்சின் கால் நிறம் எதிர்பார்த்தபடி வராதபோது: அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் நாட்டுக்கோழி வாங்க வருபவர் இறகைப் பார்க்குமுன் காலைப் பார்ப்பதுண்டு. கருங்கால் கோழிக்குக் கூடுதலாகக் கொடுக்கத் தயங்காதவர்கள் இருக்கிறார்கள். மஞ்சள் கால் என்றால் பண்ணைக் கலப்பு என்று சொல்லி விலையைக் குறைத்துக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே, நல்ல காலுள்ள சேவலாகத் தேடி வாங்கி, அடை வைத்து, 21 நாள் காத்திருந்து பொரித்த குஞ்சுகளின் கால் வேறு நிறமாக இருந்தால், சேவலை விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்ற முடிவுக்கு வளர்ப்பவர் எளிதில் வந்துவிடுகிறார். பெரும்பாலும் சேவலிலும் பிழை இருப்பதில்லை, விற்றவரிடமும் பிழை இருப்பதில்லை. எந்தக் காலுள்ள கோழி தகப்பனாக நின்றது, எந்தக் காலுள்ள கோழி தாயாக நின்றது என்பதை மாற்றினாலே குஞ்சுகளின் கால் நிறம் முற்றாக மாறிவிடும் என்பதைக் கவனிக்காமல் சோடி சேர்த்ததுதான் காரணமாக இருக்கிறது.

எந்த அறிகுறிக்கும் முன்: காலை வாசிக்கும் முறை

கோழியின் கால் நிறம் ஒரே பரம்பரையலகினால், அதாவது பெற்றோரின் பண்பைக் குஞ்சுக்குக் கடத்தும் ஒரே கூறினால், முடிவாவதில்லை. இரண்டு தனித்தனி விடயங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்து அந்த நிறத்தைத் தருகின்றன. முதலாவது, தோல் வெள்ளையா மஞ்சளா என்பது. இரண்டாவது, உட்தோலில் மெலனின் என்னும் கருநிறப்பொருள் படிந்திருக்கிறதா இல்லையா என்பது. வெள்ளைத் தோலின் அடியில் மெலனின் இல்லையென்றால் கால் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பு ஓடிய வெள்ளையாகவோ தெரியும்; மெலனின் இருந்தால் சாம்பல் கலந்த நீலமாகத் தெரியும், இதையும் நம் ஊர்களில் கருங்கால் என்ற கணக்கிலேயே சேர்த்துவிடுகிறோம். மஞ்சள் தோலின் அடியில் மெலனின் இல்லையென்றால் கால் மஞ்சள். இருந்தால், மஞ்சள் கண்ணாடி வழியே நீலத்தைப் பார்ப்பது போல, பச்சை.

இந்த இரண்டும் குஞ்சுக்குப் போய்ச் சேரும் வழிகள் வெவ்வேறானவை. தோல்நிறப் பரம்பரையலகு ஆண், பெண் வேறுபாடின்றித் தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக எல்லாக் குஞ்சுக்கும் கிடைக்கும். அதில் வெள்ளை ஆட்சியானது, மஞ்சள் பின்னிடைவானது: இரண்டில் ஒன்று வெள்ளையாக இருந்தாலே தோல் வெள்ளை, இரண்டும் மஞ்சளாக இருந்தால் மாத்திரமே மஞ்சள். உட்தோலில் மெலனின் படியாமல் தடுக்கும் பரம்பரையலகோ ஆணா பெண்ணா என்பதை முடிவுசெய்யும் பால் நிறமூர்த்தமான இசட் நிறமூர்த்தத்தில் அமைந்திருக்கிறது (நிறமூர்த்தம் என்பது பரம்பரையலகுகளைத் தாங்கும் இழை). கோழியினத்தில் சேவலுக்கே இரண்டு இசட் உண்டு, பேட்டுக்கு ஒன்றுதான். ஆகவே பேடு தன்னிடமுள்ள ஒரே இசட்டைத் தன் சேவற்குஞ்சுகளுக்கு மாத்திரமே கொடுக்கிறது, பேட்டுக்குஞ்சுக்கு அது தகப்பனிடமிருந்து மாத்திரமே வருகிறது. தடுப்பு ஆட்சியானது, தடுப்பில்லாத கருமை பின்னிடைவானது. இதிலிருந்து மிகவும் பயனுள்ள ஒரு முடிவு கிடைக்கிறது: வெளிர்க் காலுள்ள, அதாவது வெள்ளையோ மஞ்சளோ ஆன காலுள்ள, சேவல் கருமையை மறைத்து வைத்திருக்கலாம், ஆனால் வெளிர்க் காலுள்ள பேடு அதை மறைத்து வைத்திருக்க முடியாது, ஏனெனில் மறைத்து வைப்பதற்கு அதனிடம் இரண்டாவது இசட் இல்லை.

மஞ்சள் தோல் எங்கிருந்து வந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்லலாம். தீனிலுள்ள கரோட்டினொயிட் என்னும் மஞ்சள் நிறப்பொருள்களைத் தோலில் சிதைக்கும் நொதியம் ஒன்று உண்டு; மஞ்சள் தோலுள்ள கோழிகளில் அந்த நொதியம் தோலில் போதியளவு உண்டாவதில்லை, ஆகவே மஞ்சள் தங்கிவிடுகிறது. இந்த மாற்றம் வீட்டுக்கோழியின் முக்கிய மூதாதையான செங்காட்டுக்கோழியிடமிருந்து அல்லாமல், தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து கலந்து வந்திருக்க வேண்டும் என்று 2008ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று முடிவுசெய்தது. நம் காடுகளில் கூவும் இலங்கைக் காட்டுக்கோழி, அதாவது நமது தேசியப் பறவை, அதிலிருந்து வேறான இனம்.

இனி, கையில் கோழியைப் பிடித்துப் பார்க்கும் வேலை. வயற்சேறும் கூட்டு எருவும் காலில் ஒட்டியிருக்கும்போது எந்த முடிவும் எடுக்கக் கூடாது. நீரில் கழுவித் துடைத்த பின், காலைச் சூரிய வெளிச்சத்தில், முதலில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். காலின் முன்புறம் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் உள்ளங்கால் தோலின் உண்மை நிறத்தைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்: உள்ளங்கால் மஞ்சளாக இருந்தால் அது மஞ்சள் தோல் கோழி, வெள்ளையாக இருந்தால் வெள்ளைத் தோல் கோழி. அதன் பிறகே செதில்களைப் பார்க்க வேண்டும். கருமை செதிலின் மேற்பரப்பில் மை பூசியதைப் போல இருக்கிறதா, அல்லது ஆழத்திலிருந்து நீலமாக மேலே தெரிகிறதா என்பதைப் பிரித்தறிவது முக்கியம். கறுப்பு இறகுள்ள கோழிகளில் மேற்றோலிலும் மெலனின் படிவதுண்டு. அது இறகு நிறத்தோடு சேர்ந்து வருவது, தடுப்புப் பரம்பரையலகுக்கு அது முழுமையாகக் கட்டுப்படுவதில்லை. இளம் வயதில் கறுப்பாக இருந்து வயது ஏற ஏற வெளிறும் கால்களில் பல இந்த வகையானவை. சேவலை விலைபேசும் இடத்திலேயே இந்தச் சோதனையைச் செய்துகொள்வது நல்லது. உள்ளங்காலைக் காட்ட மறுக்கும் வியாபாரியை நான் கண்டதில்லை.

அறிகுறி: கருங்கால் சேவலை விட்டும், வளர்ந்த சேவற்குஞ்சுகள் எல்லாம் வெளிர்க் காலுடன் இருக்கின்றன, பேட்டுக்குஞ்சுகள் மாத்திரம் கருங்கால்

இது பிழையே அல்ல. கணக்குச் சரியாக நடந்திருக்கிறது என்பதற்கான சான்று. கருங்கால் சேவலிடம் தடுப்பில்லாத இசட் இரண்டு இருக்கின்றன, அது எல்லாக் குஞ்சுக்கும் அவற்றில் ஒன்றையே கொடுக்கும். உங்கள் பேடு வெள்ளைக்காலோ மஞ்சள்காலோ உடையதாக இருந்தால் அதனிடம் தடுப்புள்ள இசட் ஒன்று இருக்கிறது, அது சேவற்குஞ்சுகளுக்குப் போகிறது. எனவே சேவற்குஞ்சு ஒவ்வொன்றும் தாயிடமிருந்து தடுப்பையும் தகப்பனிடமிருந்து தடுப்பின்மையையும் பெற்று வெளிர்க் காலுடன் வளர்கிறது. பேட்டுக்குஞ்சு தகப்பனின் இசட்டை மாத்திரம் பெறுவதால் கருங்காலுடன் வளர்கிறது. மகள் தகப்பனைக் கொண்டும் மகன் தாயைக் கொண்டும் வரும் இந்தக் குறுக்கு முறை, கோழிக் கால்களில் காணக்கூடிய பரம்பரை விதிகளிலேயே மிகத் தெளிவானது. பெருமளவில் வளர்ப்பவர்கள் பேட்டையும் சேவலையும் பிரிப்பதற்குக்கூட இதைப் பயன்படுத்தலாம். ஆயினும் கருமை வெளியே வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால், பொரித்த நாளிலேயே பிரிப்பதற்கு இது உதவாது.

தீர்வு எளிது. அந்தப் பேட்டுக்குஞ்சுகளை விற்றுவிடாமல் வைத்திருந்து, அவற்றுடன் உறவில்லாத வேறொரு கருங்கால் சேவலைச் சேர்த்தால் பிறக்கும் ஆண், பெண் குஞ்சுகள் எல்லாம் கருங்காலாகவே இருக்கும். கருமை பின்னிடைவான பண்பு என்பதால் இரு பக்கமும் கருமையாகிவிட்டால் அதன் பின் வெளிர்க் கால் தோன்ற இடமில்லை. தகப்பனையே மகளுக்கு விடுவதும் நிறத்தைப் பொறுத்தவரை இதே பயனைத் தரும். ஆனால் அதைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தால் பொரிக்கும் முட்டைகள் குறைந்து, குஞ்சுகளும் நோஞ்சானாகும். பக்கத்து ஊரில் கருங்கால் கோழி வைத்திருப்பவரிடம் சேவலை மாற்றிக்கொள்வதே மேல்.

வெளிர்க் காலுடன் வந்த அந்தச் சேவற்குஞ்சுகளின் காலை உற்றுப் பார்த்தால் சிலவற்றில் மெல்லிய சாம்பல் நிழலோ, அங்குமிங்குமாகக் கரும்புள்ளியோ தெரியக்கூடும். தடுப்பு முழுமையாக ஆட்சி செலுத்தாமையே அதற்குக் காரணம். அந்த நிழல், சேவல் கருமையைச் சுமந்திருக்கிறது என்பதற்கு ஒரு குறிப்பு.

அறிகுறி: கருங்கால் பேடு பல இருந்தும் ஒரு குஞ்சின் காலாவது கறுக்கவில்லை

மேலே சொன்னதன் மறுபக்கம் இது. கருங்கால் பேடுகளுக்குக் கருமையை மறைத்து வைத்திருக்காத வெளிர்க் காலுள்ள சேவலை, உதாரணமாக மஞ்சள் காலுள்ள றோட் ஐலண்ட் றெட் சேவலை விட்டிருந்தால், அந்தச் சேவல் தன்னிடமுள்ள தடுப்பைச் சேவற்குஞ்சு, பேட்டுக்குஞ்சு எல்லாவற்றுக்கும் கொடுத்துவிடும். முட்டை கூடுதலாக இடும் என்பதற்காகப் பண்ணை இனச் சேவலை நாட்டுக்கோழிப் பேடுகளோடு விடுவது நம் பகுதியில் வழமையாகிவிட்டதால், பல வளவுகளில் கருங்கால் ஒரே தலைமுறையில் காணாமற்போவதற்கு இதுவே காரணம்.

இங்கே கருமை அழியவில்லை, சேவற்குஞ்சுகளுக்குள் மறைந்திருக்கிறது. பேட்டுக்குஞ்சுகளிடமோ அது இல்லவே இல்லை. ஆகவே இத்தகைய கலப்பில் கருங்காலை மீட்க விரும்புபவர், பலரும் செய்வதைப் போலப் பேட்டுக்குஞ்சுகளை வைத்துக்கொண்டு சேவற்குஞ்சுகளைக் கறிக்கு அனுப்பிவிடக் கூடாது. அப்படிச் செய்தால் தேடிய பண்பும் சட்டிக்கே போய்விடும். சேவற்குஞ்சு ஒன்றை வளர்த்து, வேறு வளவிலுள்ள கருங்கால் பேடுகளுடன் விட்டால், பிறக்கும் குஞ்சுகளில் ஆணிலும் பெண்ணிலும் ஏறத்தாழப் பாதி கருங்காலாக வரும். அந்தப் பாதியில் கிடைக்கும் கருங்கால் சேவலே இனி அடிப்படைச் சேவல். அதே சேவற்குஞ்சை வெளிர்க் காலுள்ள பேட்டுக்கு விட்டால், பேட்டுக்குஞ்சுகளில் பாதி கருங்காலாகும், சேவற்குஞ்சுகளில் ஒன்றும் ஆகாது. நேரமும் தீனும் குறைவாக உள்ளவர்கள் இந்த இரண்டாவது வழியில் இறங்காமலிருப்பது நல்லது.

அறிகுறி: தாயும் தகப்பனும் வெள்ளைக்கால், ஆனால் சில குஞ்சுகள் மஞ்சள்கால்

மஞ்சள் பின்னிடைவானது என்பதால் இரு பெற்றோரும் அதை மறைத்து வைத்திருக்க முடியும். இருவரும் மறைத்து வைத்திருந்தால் குஞ்சுகளில் நான்கில் ஒரு பங்கு மஞ்சளாக வருவது எதிர்பார்க்கக்கூடியதே. ஒரே அடையில் பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளே பொரிப்பதால் சில அடைகளில் மஞ்சளே இல்லாமலும் சிலவற்றில் பாதியளவும் வரலாம். ஒரு அடையை வைத்துக்கொண்டு விகிதம் பேசக் கூடாது. ஒரேயொரு மஞ்சள் குஞ்சு வந்தாலும் ஒன்று மட்டும் உறுதி: தாயும் சுமக்கிறது, தகப்பனும் சுமக்கிறது. பழியைச் சேவலின் மேல் மாத்திரம் போடுவது இங்கே நியாயமல்ல.

வெள்ளைக்காலை நிலைநிறுத்த விரும்புபவருக்குச் சோதனைச் சோடி ஒன்றே வழி. சந்தேகத்துக்குரிய வெள்ளைக்கால் சேவலை மஞ்சள்கால் பேடுகளுடன் விட வேண்டும். சேவல் மஞ்சளைச் சுமந்தால் குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி மஞ்சளாக வரும். ஏழு குஞ்சுகள் வளர்ந்து ஏழும் வெள்ளைக்காலாகவே இருந்தால், அந்தச் சேவல் மஞ்சளைச் சுமந்தும் தப்பியிருக்கும் வாய்ப்பு 128இல் ஒன்றுதான். வீட்டுத் தேவைக்கு இது போதுமான உறுதி. மஞ்சள் பேட்டைத் தேடாமல், மஞ்சளைச் சுமக்கிறது என்று தெரிந்த வெள்ளைக்கால் பேட்டைக் கொண்டே சோதிக்க முனைந்தால், இதே அளவு உறுதிக்குப் பதினேழு குஞ்சுகளை வளர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். பண்ணை லேயர் பேடு ஒன்றை மஞ்சள் காலுக்காகவே வாங்கிச் சோதித்துவிட்டுப் பிறகு முட்டைக்கு வைத்துக்கொள்வது செலவில் குறைந்தது.

மஞ்சள்காலை விரும்புபவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. மஞ்சளும் மஞ்சளும் சேர்ந்தால் மஞ்சள் தோல் மாத்திரமே வரும்.

அறிகுறி: பெற்றோர் இருவரிடமும் இல்லாத பச்சைக் கால் தோன்றுகிறது

பச்சை என்பது இரண்டு பின்னிடைவான பண்புகள் ஒரே குஞ்சில் சந்திப்பதால் வருவது: மஞ்சள் தோல், தடுப்பில்லாத கருமை. பச்சைக்கால் பேடு ஒன்றுக்குத் தூய வெள்ளைக்கால் சேவலை விட்டால் குஞ்சுகள் எல்லாம் வெள்ளைக்காலாகவே வரும், வளர்ப்பவர் பச்சை ஒழிந்துவிட்டதென்று நினைப்பார். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து தமக்குள் சேர்ந்தால் அடுத்த தலைமுறையில் நான்கு நிறங்களும் வெளிவரும். எட்டுச் சேவல், எட்டுப் பேடு என்று பதினாறு குஞ்சுகளாகக் கணக்கிட்டால், சேவல்களில் ஆறு வெள்ளைக்கால், இரண்டு மஞ்சள்கால். பேடுகளில் மூன்று வெள்ளை, ஒன்று மஞ்சள், மூன்று நீலம், ஒன்று பச்சை. பச்சையும் நீலமும் பேடுகளில் மாத்திரம் தோன்றுவதைக் கவனிக்க வேண்டும். அப்படித் தோன்றினால் அவற்றின் தகப்பன் கருமையைச் சுமக்கிறது என்றும், தாய் வெளிர்க் காலுடையது என்றும் குடும்ப வரலாறு தெரியாமலேயே சொல்லிவிடலாம்.

பச்சைக்காலை ஒரு குறையாக நினைக்கத் தேவையில்லை. பச்சைக்கால் கோழியைப் பச்சைக்கால் கோழியோடு சேர்த்தால் அந்நிறம் பிறழாமல் தொடரும். நிலைநிறுத்துவதற்கு எளிதான நிறம் இதுதான்.

அறிகுறி: மஞ்சளாக இருந்த கால் வெளிறுகிறது, அல்லது மஞ்சள் பெற்றோரின் குஞ்சுகள் வெள்ளையாகத் தெரிகின்றன

இங்கே பரம்பரையைத் தேடுவதற்கு முன் தீன் பாத்திரத்தைப் பார்க்க வேண்டும். மஞ்சள் தோல் என்பது மஞ்சளைத் தங்கவைக்கும் ஆற்றல் மாத்திரமே. மஞ்சள் நிறப்பொருளைக் கோழி தானாக உண்டாக்குவதில்லை. நெல், குறுணல், தவிடு, மிஞ்சிய சோறு, தேங்காய்ப் புண்ணாக்கு ஆகியவற்றிலேயே வளரும் குஞ்சுக்கு அது போதியளவு கிடைக்காது. மஞ்சள் சோளமும் பச்சை இலைகளும் அதற்குரிய தீன். அம்பாறை மாவட்டச் சேனைகளில் சோளம் விளையும் காலத்தில் இடித்த சோளத்தைச் சேர்த்துக் கொடுப்பதும், முருங்கை இலை, அகத்தி இலை ஆகியவற்றைக் கட்டித் தொங்கவிடுவதும் கடினமல்ல. சில வாரங்களில் மாற்றம் தெரியும். வெள்ளைத் தோல் கோழிக்கு எவ்வளவு சோளம் கொடுத்தாலும் கால் மஞ்சளாகாது என்பதால், தீனை மாற்றிப் பார்ப்பதே ஒரு நல்ல பரம்பரைச் சோதனையுமாகிறது.

இரண்டாவது காரணம் முட்டை. முட்டையிடத் தொடங்கிய பேடு தன் உடலிலுள்ள மஞ்சளை முட்டையின் மஞ்சட்கருவுக்கு அனுப்பிவிடுகிறது. முதலில் எச்சத்துவாரத்தைச் சூழ்ந்த தோல், பிறகு கண்வளையம், பிறகு அலகு, அதன் பின் உள்ளங்கால், காலின் முன்புறம், பின்புறம் என்ற ஒழுங்கில் நிறம் கழன்றுபோகும். கால் முழுதும் வெளிற மாதக்கணக்கில் இடைவிடாமல் முட்டையிட வேண்டும். பண்ணை லேயருக்கு அது இயல்பு. பத்துப் பதினைந்து முட்டையிட்டு அடைக்குக் கிடக்கும் நாட்டுக்கோழிப் பேட்டின் கால் அப்படி முழுவதுமாக வெளிறுவது அரிது, ஏனெனில் அடைக்கிடக்கும் காலத்தில் அதே ஒழுங்கில் மஞ்சள் திரும்பிவிடும். எனவே நாட்டுக்கோழியின் கால் வெளிறினால் முட்டையைக் காரணம் காட்டி விட்டுவிடாமல், குடற்புழுவையும் இரத்தக் கழிச்சலையும் சந்தேகிப்பது பாதுகாப்பானது. இவை குடல் நிறப்பொருளை உறிஞ்சுவதைக் கெடுத்துவிடும். வடகீழ்ப் பருவக்காற்று மழையில் கூட்டின் நிலம் நனைந்து கிடக்கும் மாதங்களில் குஞ்சுகளின் கால் கூட்டமாக வெளிறினால், அது கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போக வேண்டிய நேரம்.

இனத்துக்குச் சேவலையும் பேட்டையும் தெரிவுசெய்ய ஏற்ற வயது, நல்ல தீன் உண்டு, இன்னும் முட்டையிடத் தொடங்காத நான்கு ஐந்து மாத வயது. அந்த வயதில் மஞ்சளும் மறைந்திருக்காது, உட்தோல் கருமையும் வெளிவந்திருக்கும்.

அறிகுறி: பொரிக்கும்போது ஒரு நிறம், வளர்ந்த பின் வேறு நிறம்

உட்தோல் கருமை பொரித்த நாளில் தெரியாமலிருந்து பல வாரங்களில் வெளிவரும். மேற்றோல் கருமை பொரித்த நாளில் தெரிந்து பின்னர் குறையும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் நகர்வதால், ஒரு நாள் குஞ்சின் காலைப் பார்த்து விலை பேசுவதும் வாங்குவதும் வீண். குஞ்சுகளை இரண்டு மாதமாவது வைத்திருந்து பார்த்த பின்பே ஒதுக்க வேண்டும். அதுவரை அடையாளத்துக்கு நிறநூல் கட்டினால், கால் பருக்கும்போது இறுகாமல் வாரந்தோறும் தளர்த்த வேண்டும். வளர்ந்த சேவலின் காலோரத்தில் சிவப்புக் கோடு ஓடுவது வயதும் பாலும் சார்ந்தது. பரம்பரைக் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம்.

அறிகுறி: கடக்நாத் கலப்பில் சில குஞ்சுகள் முழுக் கறுப்பு, மற்றவை வெளிர்

மத்தியப் பிரதேசத்தின் கடக்நாத் போன்ற கருங்கோழிகளில் தோல், சதை, எலும்புறை வரை கருமையைப் பரப்பும் ஆட்சியான பரம்பரையலகு ஒன்று இருக்கிறது. 20ஆம் நிறமூர்த்தத்தின் ஒரு பகுதி இரட்டிப்பானதே அதன் காரணம் என்று 2011இல் கண்டறியப்பட்டது. ஆட்சியானது என்பதால் கடக்நாத்தை எதனோடு சேர்த்தாலும் கறுப்புக் குஞ்சு வரும் என்று நம்பிப் பணத்தைப் போடுகிறார்கள். ஆனால் முன்னர் சொன்ன தடுப்புப் பரம்பரையலகு இந்தக் கருமையையும் பெருமளவு அடக்கிவிடும். கருங்கோழி இனமான பட்டுக்கோழியையும் பழுப்பு லெக்ஹோர்ன் இனக் கோழியையும் இரு திசையிலும் கலந்து பேட்சன், பனட் ஆகிய இரு அறிஞர்கள் 1911ஆம் ஆண்டிலேயே இதைக் காட்டிவிட்டார்கள்: கருங்கோழி தகப்பனாக நின்றால் மகள்கள் முழுக் கறுப்பு, மகன்கள் வெளிர், கருங்கோழி தாயாக நின்றால் எல்லாக் குஞ்சுகளிலும் கருமை மங்கிவிடும்.

ஆகவே விலைகொடுத்து வாங்குவதானால் கடக்நாத் சேவலையே வாங்க வேண்டும், பேட்டை அல்ல. அந்தச் சேவலுக்கு நம்மூர்ப் பேட்டை விட்டுப் பெற்ற கறுப்பு மகள்களை மீண்டும் இன்னொரு கடக்நாத் சேவலோடு சேர்த்தால் எல்லாக் குஞ்சுகளும் கறுப்பாக வரும். முதல் கலப்பின் வெளிர்ச் சேவல்களைக் கடக்நாத் பேட்டுக்கு விட்டால் பாதிதான் கறுக்கும். உங்கள் நாட்டுக்கோழிப் பேடே நீலக்காலோ பச்சைக்காலோ உடையதாக இருந்தால் இன்னும் நல்லது. அதனிடம் தடுப்பே இல்லாததால் முதற்கலப்பிலேயே ஆணும் பெண்ணும் கறுக்கும். கறிக்கடையில் கருங்கோழி என்று விற்கப்படும் கலப்புகளின் சதை சாம்பலாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இந்தத் தடுப்பே காரணம்.

அறிகுறி: செதில் தடித்து, வெண்மையாகப் பொருக்குத் தட்டியிருக்கிறது

இது நிறமல்ல, செதிலுக்குள் புகும் உண்ணியின் வேலை. காலை வெதுவெதுப்பான சவர்க்கார நீரில் ஊறவைத்துப் பொருக்கை மென்மையாகத் தேய்த்து நீக்கி, வஸ்லின் அல்லது தேங்காய் எண்ணெயைச் சில வாரங்களுக்குத் தடவிவர வேண்டும். பரண் தடிகளையும் சுத்தம் செய்யாவிட்டால் அது திரும்ப வரும்.

அறிகுறி: எந்தக் கணக்குக்கும் பொருந்தாத நிறம்

மூன்று விடயங்கள் நடக்கவே கூடாதவை. மஞ்சளோ பச்சையோ உடைய இரு பெற்றோருக்கு வெள்ளை உள்ளங்கால் குஞ்சு பிறக்கக் கூடாது. உட்தோல் கருமையுள்ள இரு பெற்றோருக்கு வெளிர்க் கால் குஞ்சு பிறக்கக் கூடாது. உட்தோல் கருமையுள்ள சேவலுக்கு வெளிர்க் கால் மகள் பிறக்கக் கூடாது. இவற்றில் ஒன்று நடந்திருந்தால், காலை வாசித்ததில் தவறு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். குறுக்குவரி இறகைத் தரும் பரம்பரையலகும் ஆட்சியான வெள்ளை இறகைத் தரும் பரம்பரையலகும் காலின் கருமையையும் வெளுக்கச் செய்பவை. தாய், தகப்பன், குஞ்சு ஆகியவற்றில் ஏதேனும் வரியாகவோ முழு வெள்ளையாகவோ இருந்தால் அதன் கால் கருமையை வைத்து முடிவெடுக்க இயலாது. உள்ளங்கால் மஞ்சளா வெள்ளையா என்ற கேள்வி மாத்திரம் அப்போதும் பெரும்பாலும் நம்பத்தக்கதாக நிற்கும்.

இறகிலும் ஐயமில்லையென்றால், குஞ்சு நீங்கள் நினைத்த சோடியினுடையது அல்ல. வேலியில்லாத வளவுகளில் இது சாதாரணம். ஒரே கூட்டில் இரண்டு மூன்று பேடுகள் முட்டையிடும்; அயல்வீட்டுச் சேவல் விடிய முதல் வந்துபோகும். இதைவிடப் பலர் அறியாத காரணம் ஒன்று உண்டு: பேடு சேவலின் விந்தைத் தன் முட்டைக்குழாயில் சேமித்து வைத்திருக்கும், சேவலைப் பிரித்த பின்னரும் இரண்டு மூன்று வாரங்கள் வரை கருவுற்ற முட்டை இட முடியும். புதுச் சேவலைக் கூட்டில் விட்ட மறுவாரமே சேர்த்த முட்டைகளில் பழைய சேவலின் குஞ்சுகளும் கலந்திருக்கும். அதனால் பேடுகளைப் புதுச் சேவலோடு மாத்திரம் தனியே அடைத்து, நான்கு வாரம் கழிந்த பின்னரே இனத்துக்கான முட்டையைச் சேர்க்கத் தொடங்க வேண்டும். பேட்டுக்கு ஒன்றாகத் தனிக்கூடு கொடுக்க வசதியில்லாதவர்கள், முட்டையிட்டுக் கொக்கரிக்கும் பேட்டைக் கண்ட உடனே முட்டையை எடுத்து, அதன் பெயரையும் திகதியையும் பென்சிலால் ஓட்டில் எழுதிவைத்தால் போதும். மை பேனையால் எழுதக் கூடாது. ஓட்டிலுள்ள நுண்துளைகள் வழியே மை உள்ளே இறங்கும்.